தலையாட்டிய சம்மதம்

முகம்மது ஹனீபின் காதில் ஒரு குறையும் கிடையாது. யாரும் விசாரிக்காவிட்டாலும் இதை அவரே எடுத்துச் சொல்லிவிடுவார். தாராவியில் அவருக்கு ஒரு தோல்பைக் கார்கானா இருந்தது. ஒரு பக்கம் பஞ்சிங் மிஷின் இடிக்கும், இன்னொரு பக்கம் சுத்தியல் ஓயாமல் தட்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு வேலையாட்கள் கேட்பதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொல்வார். பக்கத்தில் ஜிப்பும் பக்கிளும் விற்கிற கணேசபாண்டியன் தெருவிலிருந்து கூப்பிட்டால் மேல்தளத்து மாளாவிலிருந்து எட்டிப் பார்ப்பார். பாங்கு கேட்கும், ரயில் ஊதுவது கேட்கும். வீட்டில் பெண்கள் பேசுவது மட்டும்தான் கேட்காது. அதற்குக் காது என்ன பண்ணும்? அவர்கள்தான் கொஞ்ச நாளாகக் குசுகுசுவென்று பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பெண்கள் என்றால் இரண்டு பேர்: மனைவி பேகம், மகள் உமைரா. இருவரும் அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் நுழைந்ததும் நிறுத்திவிட்டு எதையோ கேட்பார்கள். உதடு அசையும், குரல் மாதிரி ஏதோ வரும், சொல் வராது. ஆரம்பத்தில் "என்ன? என்ன?" என்று கேட்டுப் பார்த்தார். அதையே திரும்பத் திரும்பக் கேட்டால் குடும்பத் தலைவனின் கௌரவம் என்ன ஆவது? அதனால் தலையாட்டப் பழகிக்கொண்டார். அதிலும் ஒரு நெளிவு சுளிவு இருக்கிறது. எதிரில் இருக்கிற முகம் சிரித்தால் தானும் சிரிக்க வேண்டும், சுருங்கினால் "பாத்துக்கலாம்" என்று சொல்ல வேண்டும், ஒன்றும் பிடிபடாவிட்டால் "சரி, சரி". இதை வைத்துக்கொண்டே மனுஷன் இரண்டு வருஷம் குடும்பம் நடத்திவிட்டார். வீம்பு பிடித்தவனுக்கு வைத்தியம் ஏது?

மகளின் கல்யாணத்தையும் இப்படித்தான் பேசி முடித்தார். உமைரா சயானில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். மாப்பிள்ளை ராஹில், மாஹிமில் ஏசி ரிப்பேர் கடை வைத்திருந்தான். தகப்பன் இல்லை. தாய் அஃப்ஷா தையல் கிளாஸ் நடத்தி அவனை ஆளாக்கியிருந்தாள். பேசி முடிக்கப் போன அன்று அஃப்ஷா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னவோ கேட்டாள். ஹனீப் "ஆமா, ஆமா" என்று பலமாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து மகளிடம் சம்மதமா என்று கேட்டார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், ஏதோ முணுமுணுத்தாள். பெண்பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். மௌனம் சம்மதம் என்று ஊரே சொல்கிறது. மார்க்கத்திலும் கன்னிப்பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டுக் கார்கானாவுக்குப் போய்விட்டார். நிக்காஹுக்கு நாளும் குறித்தாயிற்று. அதுவரை மாப்பிள்ளையும் பெண்ணும் போனில் பேசக் கூடாது என்று அவரே ஒரு சட்டமும் போட்டிருந்தார். உமைரா அதை மீறவில்லை.

அவருடைய நிம்மதியைக் கெடுத்தது இன்னொரு வீட்டுக் கல்யாணம். அவருக்குத் தோல் கொண்டுவந்து போடுகிற ஆஷிக், தன் தங்கையின் நிக்காஹுக்கு அவரைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தான். நிக்காஹ் ஓதுவதற்கு முன்னால் பெண்ணின் பொறுப்பாளர் சாட்சிகளை அழைத்துக்கொண்டு அவள் இருக்கும் அறைக்குப் போக வேண்டும். இன்னாருக்கு உன்னை மணமுடித்துத் தரச் சம்மதமா என்று கேட்க வேண்டும். அவள் சொல்வதைச் சாட்சிகள் தங்கள் காதால் கேட்க வேண்டும். ஆஷிக் கேட்டான். பூச்சரங்களுக்குள் அந்தப் பெண்ணின் தலை லேசாக அசைந்தது. ஹனீபுக்கு ஃபேன் சுற்றுகிற சத்தம்தான் கேட்டது. பக்கத்தில் நின்ற சாட்சி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஹனீபும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வெளியே வந்து கையெழுத்தும் போட்டார்.

போட்ட பிறகுதான் உறைத்தது. வீட்டில் தலையாட்டுவது வேறு, இது சாட்சி. கேட்காததைக் கேட்டேன் என்று இறைவன் பெயரால் சொல்லியாயிற்று. தட்டில் வைத்த பிரியாணி உள்ளே இறங்கவில்லை. மறுநாள் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்தைத் தனியாகப் பிடித்து, வேறு யாருக்கோ நடந்ததுபோல் விஷயத்தைச் சொன்னார். பெண்ணின் அண்ணனே கேட்டிருக்கிறான், அறையில் இருந்த மற்றவர்களும் கேட்டிருக்கிறார்கள், அந்த நிக்காஹுக்குப் பழுதில்லை என்று ஹஜ்ரத் ஆறுதல் சொன்னார். அப்புறம், அந்த யாரோ ஒருவர் தன் மகளுக்குப் பொறுப்பாளராக நிற்பதற்குள் ஒரு டாக்டரிடம் காதைக் காட்டிக்கொண்டால் தேவலை என்றும் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த ஹனீப், தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

அன்றிலிருந்து ஒரே பயம். உமைராவின் நிக்காஹ் அன்று அறைக்குள் போய்க் கேட்கவேண்டியவர் அவர்தான். அவள் சொல்வது காதில் விழாவிட்டால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மேலப்பாளையத்திலிருந்து மச்சானை வரவழைத்து அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, தான் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். பெற்ற மகளின் சம்மதத்தை இன்னொருவர் கேட்டுவந்து தனக்குச் சொல்வதா?

பொறுக்க முடியாமல் கணேசபாண்டியனிடம் சொன்னார். கணேசபாண்டியன் நாங்குநேரிக்காரர், கனத்த தொண்டை, பல வருஷத்துச் சிநேகம். அவர் துளிகூட ஆச்சரியப்படவில்லை.

"ஒமக்குக் காது மந்தம்னு இந்தத் தெருவுக்கே தெரியும் பாய். நீரா சொல்லட்டும்னுதான் இருந்தோம்."

சொன்னதோடு நிற்காமல், அன்றைக்கே கடைவீதியில் ஏதோ ஒரு மிஷினை வாங்கிவந்து கொடுத்தார். காதில் செருகிக்கொண்டு சக்கரத்தைத் திருகினால் சத்தம் கூடும். போன் பேசுகிற ப்ளூடூத் என்று பேகத்திடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஹனீப் அதை மாட்டிக்கொண்டார். கார்கானாவில் சுத்தியல் மண்டைக்குள்ளேயே அடித்தது. வீட்டில் குக்கர் விசில் அடித்தபோது துள்ளி எழுந்தார். பேகத்தின் பேச்சோ அதே பழைய கஞ்சிதான். முன்னால் கிண்ணத்தில் இருந்தது, இப்போது அண்டாவில் இருந்தது. சத்தம் கூடியதே தவிர ஒரு சொல்லும் தெளியவில்லை. இனிமேல் ஒன்றும் நடக்காது, மச்சானுக்கு டிக்கெட் போடவேண்டியதுதான் என்று ஹனீப் முடிவு கட்டிவிட்டார்.

கணேசபாண்டியனுக்குத் தான் வாங்கிக் கொடுத்தது வீணாய்ப் போன ரோஷம். பல்லுக்கும் கண்ணுக்கும் டாக்டரிடம் போகிறோம், காதுக்கு மட்டும் கடைவீதிக்குப் போனது தன் புத்திகெட்டதனம் என்று ஒத்துக்கொண்டு, அவரைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, சேர்ந்திருந்த அழுக்கை எடுத்தார். சவ்வு நன்றாகத்தான் இருக்கிறது, சிக்கல் அதற்கும் உள்ளே என்றார். செம்பூரில் ஒரு கிளினிக்கில் எவ்வளவு கேட்கிறது என்று அளந்து பார்க்கச் சொன்னார். அங்கே இருப்பது ஒரு தமிழ்ப் பெண்தான் என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பெண்ணின் பெயர் விஜயலட்சுமி. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், முப்பத்தைந்து வயது இருக்கும். ஹனீபின் தொழில் என்ன, எத்தனை வருஷமாக மிஷின் பக்கத்தில் நிற்கிறார், எங்கே நன்றாகக் கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். அப்புறம் சுவரெல்லாம் மெத்தை அடித்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். ஊதுகிற மாதிரி சத்தம் வரும், எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் ஆரம்பித்தாள். ஹனீப் அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"நான் சத்தமே குடுக்காதபோதும் அழுத்தறேள் சார். இங்க பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாது. கேக்கலைன்னா சும்மா இருங்கோ. அதுதான் எனக்கு வேணும்" என்றாள்.

தலையாட்டிப் பழகியவர் பொத்தானையும் அப்படியே ஆட்டியிருக்கிறார். மாட்டிக்கொண்ட வெட்கத்தில் ஹனீபுக்கு முகம் சிவந்தது. இரண்டாம் தரம் ஒழுங்காக உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விஜயலட்சுமியின் கை மிஷினில் நகர்வது தெரிந்தது, காதில் ஒன்றும் விழவில்லை. கை மறுபடி நகர்ந்தது. ஒன்றும் இல்லை. கட்டைவிரல் துடித்தாலும் அவர் அழுத்தவில்லை. எனக்குக் கேட்கவில்லை என்று முழுமனதோடு முதல் முறையாக ஒத்துக்கொண்டது அந்த அறையில்தான். அவ்வளவு நாள் தூக்கிக்கொண்டு திரிந்த மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் அவள் ஒரு காகிதத்தைக் காட்டினாள். கோடு இடது பக்கம் மேலேயே ஓடி, வலது பக்கம் போகப் போகச் சரேலென்று கீழே இறங்கியிருந்தது.

"இது கனத்த சத்தம். ரயில், பாங்கு, ஆம்பளைக் குரல் எல்லாம் இந்தப் பக்கம். இதுல உங்க காது நன்னாவே இருக்கு. அந்தப் பக்கம் மெல்லிசான சத்தம். பொம்மனாட்டி குரல், குழந்தை குரல்ல பாதி அங்கதான். ச, த, ஸ மாதிரி எழுத்தெல்லாம்கூட அங்கதான். அதுல கோடு இறங்கிடறது பாருங்கோ. அதனால யாரோ பேசறான்னு தெரியும், என்ன பேசறான்னு புரியாது."

உள்காதில் ஒலியை வாங்குகிற நுண்ணிய இழைகள் இருக்கின்றன, வருஷக்கணக்கில் இடித்த சத்தத்தில் மெல்லிய ஒலியைப் பிடிக்கிறவைதான் முதலில் ஓய்ந்துபோகின்றன என்று விளக்கினாள். போனது திரும்ப முளைக்காது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற, கார்கானாவில் இனிமேல் காதுக்கு மூடி போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும், வேலையாட்களுக்கும் அதை வாங்கிக் கொடுக்க வேண்டும். ஹனீபுக்கு அதெல்லாம் பாதிதான் மனதில் பதிந்தது. அவர் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எங்க வீட்டுல அவங்க குசுகுசுன்னு பேசலையாம்மா?"

"எப்பவும்போலத்தான் பேசிண்டிருந்திருப்பா."

ஹனீபுக்கு அழுகை வந்தது. காது போனதற்காக அல்ல. மனைவியும் மகளும் தன்னிடமிருந்து எதையோ மறைக்கிறார்கள், தன்னை ஒதுக்குகிறார்கள் என்று அவர் உள்ளூர நம்பியிருந்தார். யாரும் எதையும் மறைக்கவில்லை. யாரும் ஒதுக்கவில்லை. காது கெட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான் என்று தெரிந்ததில் ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்படுவதை விஜயலட்சுமி பார்த்திருக்க மாட்டாள்.

யார் குரல் முக்கியமாகக் கேட்க வேண்டும் என்று அவள் கேட்டாள். மகளுடையது என்றார், நிக்காஹ் விஷயத்தையும் சொன்னார். மகளையோ மனைவியையோ அடுத்த தடவை கூடவே அழைத்து வர வேண்டும், அவர்கள் பேசப் பேசத்தான் மிஷினைச் சரிபார்க்க முடியும் என்று சொல்லி அனுப்பினாள். மகளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பேகத்திடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார். பேகம் அவர் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்து உரக்கப் பேசினாள்.

"எங்கூடப் பேசுததே ஒங்களுக்குப் பிடிக்காமப் போயிட்டுன்னுல்லா நான் நெனச்சேன். என்ன சொன்னாலும் ஒரு தலையாட்டு, அதோட எந்திரிச்சுப் போயிருவீங்க. நான் ஒங்களுக்கு என்ன கொற வச்சேன்னு எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா?"

இதில் ஒரு சொல்லும் அவருக்குத் தப்பவில்லை. அவளும் இரண்டு வருஷமாகத் தன்னைப்போலவே வேறொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஹனீப் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் கேட்டதில்லை என்பதால் பேகத்துக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

இருவரும் செம்பூருக்குப் போனார்கள். வெளியே தெரியாமல் காதுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிற சின்ன மிஷின் ஒன்று கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. ஹனீபுக்கு அதன்மேல்தான் கண். விஜயலட்சுமி மாட்டிவிட்டாள். பேச வாயைத் திறந்ததும் அவருடைய குரலே பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி அவருக்குள் முழங்கியது. கனத்த சத்தம் அவருக்கு இயல்பாகவே கேட்கிறது, அந்த வழியை அடைத்துவிட்டால் இப்படித்தான் ஆகும் என்றாள். கார்கானா வியர்வைக்கும் அது தாங்காது. அவருக்கு ஏற்றது காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மெல்லிய கம்பி வழியாக ஓட்டை வைத்த ஒரு குமிழை மட்டும் காதுக்குள் விடுகிறது. கனத்த சத்தம் அது பாட்டுக்குப் போகும், மெல்லிய சத்தத்தை மட்டும் மிஷின் தூக்கிக் கொடுக்கும். ஒரு காதுக்குப் போதாதா என்று ஹனீப் பேரம் பேசினார். இரண்டு காதிலும் ஒரே குறை இருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் போட்டால், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது, கூட்டத்தில் பேச்சைப் பிரித்தெடுக்கவும் முடியாது என்றாள். நிக்காஹ் வீடு கூட்டம்தானே என்று பேகம் எடுத்துக்கொடுத்தாள். இரண்டும் மாட்டியாயிற்று. முதலில் எல்லாமே கீச்சென்று தகரம் மாதிரி இருந்தது. விஜயலட்சுமி கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றி இறக்கினாள். பேகத்தை அவருக்குப் பின்னால் போய் நின்று, கத்தாமல், மனதில் பட்டதைப் பேசச் சொன்னாள்.

"சட்டக் காலரு பின்னால கிழிஞ்சிருக்கு. இதப் போட்டுக்கிட்டா செம்பூரு வரைக்கும் வந்தீங்க?"

ஹனீப் காலரைத் தொட்டுப் பார்த்தார். கிழிந்துதான் இருந்தது. பேகத்தின் குரலில் இருக்கும் அந்தச் சின்னக் கரகரப்புகூட அவருக்குக் கேட்டது. அது இருந்ததையே மறந்துபோயிருந்தார்.

இது கண்ணாடி மாதிரி போட்டதும் தெளிந்துவிடாது, மூளை பழக வாரக்கணக்காகும் என்று விஜயலட்சுமி எச்சரித்தாள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கார்கானாவில் கழற்றிவிட வேண்டும். சில நாள் போட்டுப் பார்த்து, சரியில்லாததைச் சொன்னால் மாற்றித் தருவாள். கூட்டத்தில் கஷ்டமாகத்தான் இருக்கும், அப்போது ஃபேனை நிறுத்திவிட்டு ஆளின் முகத்துக்கு நேரே உட்கார வேண்டும். வீட்டார் கத்தவே கூடாது. இதைப் பேகத்திடம் அவள் அழுத்திச் சொன்னாள். அழுத்திச் சொல்லியும் பயனில்லை. காதுக்குப் பின்னால் மிஷினைப் பார்த்த நாளிலிருந்து தாராவி முழுக்க ஹனீபிடம் கத்தித்தான் பேசியது. உமைராவும் பக்கத்தில் உட்கார்ந்தால் சாதாரணமாகப் பேசுவாள், இரண்டடி தள்ளிப் போய்விட்டால் எதிர் பிளாட்பாரத்தில் நிற்பவரைக் கூப்பிடுகிறவள் மாதிரி கத்துவாள்.

முதல் சில நாள் தன் செருப்புச் சத்தமே அவரைத் திரும்பிப் பார்க்கவைத்தது. அப்புறம் பழகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உமைரா யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிக்காஹ் அன்று கேட்கப்போவதை ஒரு தடவை இப்போதே கேட்டுப் பார்த்தால் தைரியமாக இருக்கும் என்று நினைத்து, ஹனீப் அவள் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ராஹிலுக்கு உன்னைக் கட்டிக்கொடுக்கச் சம்மதமா என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். உமைரா சிரித்தாள்.

"அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே வாப்பா. சம்மதம், வேலைய மட்டும் விடமாட்டேன், அத அவங்ககிட்ட பேசிட்டு முடிங்கன்னு. நீங்களும் சரிம்மான்னு தலையாட்டினீங்க. பேசிட்டீங்கல்ல?"

ஒவ்வொரு சொல்லும் கணீரென்று கேட்டது. அவள் அன்று வெட்கப்படவும் இல்லை, மௌனமாக இருக்கவும் இல்லை. வாயைத் திறந்து தன் மனதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். அவர்தான் அதை மௌனம் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இன்னும் மோசம், மாஹிமில் அஃப்ஷா கேட்ட எதற்கோ ஆமா ஆமா என்று வேறு தலையாட்டியிருக்கிறார். எதற்கு ஆட்டினோம் என்று இப்போது யாருக்குத் தெரியும்?

ஒன்றையும் மறைக்காமல் மகளிடம் சொன்னார். உமைரா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கேக்கலன்னா இன்னொரு தரம் கேட்டிருக்கலாம்ல வாப்பா" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே மாஹிமுக்குக் கிளம்பினார். வழியெல்லாம் யோசனை. நாள் குறித்து, ஹால் பேசி, ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. முடியாது என்று அஃப்ஷா சொல்லிவிட்டால் என்ன செய்வது? மகளை விட்டுக்கொடுக்கச் சொல்வதா? இரண்டு வருஷம் அவள் பேச்சைக் கேட்காத தகப்பன், கேட்கத் தொடங்கியதுமே அவள் வாயை அடைப்பதா? இல்லை. கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது தீர்மானித்துவிட்டார்.

அஃப்ஷா வீட்டில் இருந்தாள், ராஹிலும் இருந்தான். ஹனீப் உட்கார்ந்ததும் காதைத் தொட்டுக் காட்டி, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"சம்மந்தியம்மா, அன்னைக்கு நீங்க என்னமோ கேட்டீங்க, நான் ஆமா ஆமான்னு தலையாட்டினேன். எனக்குக் காது கேக்காது. நீங்க கேட்டது ஒண்ணுமே என் காதுல விழல. என்ன கேட்டீங்கன்னு இப்பச் சொல்லுங்க."

அஃப்ஷா மகனைப் பார்த்தாள், அப்புறம் அவரை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைய விட்டுருவாளான்னு கேட்டேன் காக்கா. நீங்க ஆமான்னீங்க."

ஹனீப் கண்ணை மூடித் திறந்தார். மகள் வேலையை விடமாட்டாள் என்றார். இதை முன்னாலேயே சொல்லாதது தன் குற்றம், அவள் மேல் ஒரு தவறும் இல்லை என்றார். இது இந்த வீட்டுக்கு ஒத்துவராவிட்டால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், ஊருக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். குரல் நடுங்கியதை அவரே கேட்டார்.

அஃப்ஷா முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சிரித்தாள்.

"விட்டுருவாளான்னுதான் கேட்டேன், விடணும்னா சொன்னேன்? ஒரு தையல் மிஷின் இல்லன்னா இவனும் நானும் என்ன ஆயிருப்போம்? இவ்வளவு படிச்ச பொண்ணு ஏன் வேலைய விடுறா, தகப்பனே இப்படிச் சொல்றாரேன்னு எனக்குத்தான் மனசே சரியில்ல. பொண்ணு வீட்டு முடிவாச்சே, நாம என்ன சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டேன்."

விடிகாலை டியூட்டிதான் தனக்குக் கொஞ்சம் கவலை என்று அவள் இழுத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் பைக்கில் இறக்கிவிட்டுத்தான் கடையைத் திறப்பேன் என்று ராஹில் முந்திக்கொண்டு சொன்னான். பெருநாள் அன்றைக்காவது லீவு போடட்டும் என்பதோடு அஃப்ஷா விட்டுவிட்டாள். ஹனீப் எழுந்து நின்று, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தான் போட்ட சட்டத்தைத் தானே உடைத்து, உமைராவுக்குப் போன் போட்டு ராஹிலிடம் கொடுத்தார். நீங்களே பேசிக்கொள்ளுங்கள், நடுவில் நான் வேண்டாம் என்றார்.

மாட்டுங்காவில் ஒரு ஹாலில் நிக்காஹ் நடந்தது. மச்சான் மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்தார், விருந்தாளியாக. ஹஜ்ரத் சைகை காட்டியதும் ஹனீப் சாட்சிகளோடு பெண்கள் இருந்த அறைக்குள் போனார். உள்ளே கால் வைத்ததுமே பகீரென்றது. வளையல், சிரிப்பு, குழந்தைகளின் கூச்சல், சரிகைச் சேலைகளின் சலசலப்பு, எல்லாம் ஒரே சமயத்தில் காதுக்குள் கொட்டியது. ஒன்றும் பிரியவில்லை. பழைய பயம் திரும்பி வந்தது. யார் முகத்தையாவது பார்த்துத் தலையாட்டிவிடலாமா என்று ஒரு கணம் கழுத்துகூட அசைந்தது. அதை அடக்கிக்கொண்டு கையை உயர்த்தினார். தனக்குக் காது மந்தம் என்றும், எல்லோரும் கொஞ்சம் பேசாமல் இருக்க வேண்டும் என்றும் அத்தனை பெண்களுக்கு முன்னால் வாய்விட்டுச் சொன்னார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஒரு நாற்காலியை இழுத்து மகளின் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். அறை அடங்கியது.

"உமைரா, மாஹிம் ராஹிலுக்கு ஒன்ன நிக்காஹ் செஞ்சு கொடுக்க ஒனக்குச் சம்மதமாம்மா?"

உமைராவுக்குப் பதற்றம். வாப்பாவுக்குக் கேட்டுவிட வேண்டுமே என்ற ஒரே நினைப்பில், மணப்பெண் என்பதையும் மறந்து, தொண்டை கிழியக் கத்திவிட்டாள்.

"சம்மதம் வாப்பா!"

வெளியே பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்வரை திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேகம் தலையில் கை வைத்துக்கொண்டாள். சாட்சிகள் அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வாயெடுத்தார்கள். ஹனீப் அவர்களைக் கையமர்த்தினார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டார்.

"மெதுவாச் சொல்லும்மா. எனக்குக் கேக்குது."

உமைரா தலையைக் குனிந்துகொண்டு, மற்றப் பெண்பிள்ளைகள் சொல்வதுபோல், உதடு பிரியாத குரலில் இன்னொரு தரம் சொன்னாள். பின்வரிசையில் நின்ற யாருக்கும் அது கேட்கவில்லை. ஹனீபுக்குக் கேட்டது.